சனிக்கிழமை மெஷின்

போன வாரம் காலை எட்டு மணிக்கு இந்தியாவிலிருந்து ஒரு போன் வந்தது. தென் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஊரில் லேப் வைத்திருப்பவர். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார். என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"மேடம், நீங்க அனுப்பின அஞ்சு சாம்பிள்ல மூணாவது மட்டும் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஹையா வரணுமா, லோவா வரணுமா, அத மட்டும் சொல்லுங்க போதும். நம்பர்லாம் வேணாம்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. சொன்னா என் வேலையும் போயிடும், உங்க அக்ரெடிடேஷனும் போயிடும்."

"இருக்கட்டும் மேடம். நம்ம தமிழாளுங்கதானேன்னு கேட்டுப் பாத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. போனை வைத்த பிறகு வெட்கம்தான் வந்தது. அந்த மனிதருக்காக இல்லை, எனக்காக.

நான் விற்பது பரீட்சை. ரத்தம் சோதிக்கும் லேப் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பரீட்சை எழுதியாக வேண்டும். எங்கள் கம்பெனி சின்னச் சின்னக் குப்பிகளில் ரத்தத்தை அடைத்து, எண் மட்டும் ஒட்டி, ஐஸ் வைத்து அனுப்பும். உள்ளே சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது லேபுக்குத் தெரியாது. நோயாளியின் ரத்தத்தைச் சோதிப்பது போலவே அதையும் சோதித்து விடை அனுப்ப வேண்டும். நாங்கள் மார்க் போடுவோம். இதற்குப் பெயர் ப்ரொஃபிஷியன்சி டெஸ்டிங். லேப்காரர்கள் சுருக்கமாக பி.டி. என்பார்கள்.

மாதம் ஒரு முறை எங்களுக்கு வீடியோ மீட்டிங் உண்டு. மேனேஜர் உலகப் படத்தைத் திரையில் போடுவார். நாங்கள் குப்பி அனுப்பும் நாடுகளெல்லாம் பச்சை. ஒவ்வொரு மாதமும் பச்சை கொஞ்சம் கூடும். முன்பு ஆஸ்பத்திரி லேப் மட்டும்தான் வாடிக்கை. இப்போது தண்ணீர் சோதிக்கிறவன், பால் சோதிக்கிறவன், கஞ்சா சோதிக்கிறவன், நாய் பூனைக்கு ரத்தம் சோதிக்கிறவன் எல்லோருக்கும் பரீட்சை. துபாய், நைரோபி, கோயம்புத்தூர் என்று பட்டியல் நீளும். எல்லோரும் கைதட்டும் படத்தைத் தட்டிவிடுவார்கள். நானும் தட்டிவிடுவேன். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பரீட்சை பெருகினால் படிப்பு பெருகும் என்று யார் சொன்னது? நாம் ஊரில் பார்க்காத பரீட்சையா?

இந்த வேலைக்கு என்னை எடுத்தவர்கள் என் ரெஸ்யூமேயில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தார்கள். ஒன்பது வருஷம், பி.டி.யில் ஒரு தோல்விகூட இல்லை. அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் என் கணவரின் கண் அந்த வரிக்குத்தான் பலியானது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அந்த ஒன்பது வருஷமும் நான் வேலை பார்த்த லேப் அமெரிக்காவில், ஹூஸ்டனுக்குத் தெற்கே இருந்தது. பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தியது. சூப்பர்வைசர் திருச்சிக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வேலை தெரிந்தவர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரத்தக் குழாயை வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தே, இது தேறாது, வேறு எடுத்து வரச் சொல் என்பார். அமெரிக்காவில் வேலை செய்ய எனக்கு அனுமதி வந்த வாரமே, எந்த அனுபவமும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு நிறைய இருந்தது. அளவுக்கு மேலேயே இருந்தது.

பி.டி. பெட்டி வந்துவிட்டால் மட்டும் அக்கா வேறு ஆளாகிவிடுவார். ப்ளஸ் டூ எழுதும் பிள்ளையின் அம்மா மாதிரி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பெட்டி வந்தால் நாலரை வரை ஃபிரிட்ஜில்தான் இருக்கும், ராகு காலம் முடியாமல் பிரிக்க விட மாட்டார். பிரிக்கிற அன்று மெஷினின் அளவைச் சரிசெய்து புதிதாகக் காலிபரேட் பண்ண வேண்டும். சோதனைக்கு ஊற்றும் ரீஏஜென்ட் புதுப் பாட்டில் திறக்க வேண்டும். அப்புறம் குப்பியைத் தொடுவது யார் என்று ஒரு கேள்வி வரும். ரோட்டாப்படி மாறி மாறி எல்லோரும் செய்ய வேண்டும் என்பது விதி. அக்காவின் விதி வேறு.

"நீ போடும்மா. உன் கைராசி எனக்குத் தெரியும்," என்பார் என்னிடம்.

கைராசி. ஊரில் டாக்டருக்குச் சொல்வோம், விதை போடுகிறவனுக்குச் சொல்வோம், முதல் போணி பண்ணுகிறவனுக்குச் சொல்வோம். டெக்சாஸில் ஒரு லேபில், மூன்று லட்சம் வரி புரோகிராம் ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்குச் சொன்னார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு குப்பியைக் கையில் எடுத்தேன். ஒரு தடவை போட்டுவிட்டு இன்னொரு தடவை போடுவேன். சந்தேகமென்றால் மூன்றாவது தடவை. நோயாளிக்கு ஒரே தடவை, குப்பிக்கு மூன்று தடவை. அதன் பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'நோயாளிகளின் மாதிரிகளைச் சோதிக்கும் அதே முறையில்தான் இவற்றையும் சோதித்தேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். ஒன்பது வருஷம் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மார்க் வரும். நூற்றுக்கு நூறு. அக்கா மறுநாள் கேசரி கொண்டு வருவார். வியட்நாம்காரப் பெண்ணும் மெக்சிகோக்காரப் பையனும் கேசரியைக் கிண்ணத்தில் வாங்கி ஸ்பூனால் தின்பார்கள். "இந்தக் கை இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலை இல்ல," என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஐம்பது வயதில் மார்க்குக்கு மயங்கியவள் நான்.

பிறகு இரண்டாவது மெஷின் வந்தது. ஏ1சி பார்ப்பதற்கு. ஏ1சி என்றால் மூன்று மாத சர்க்கரையின் சராசரி, நம்மவர் வீடுகளில் அதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சில் ஜாதகம் கேட்பதற்கு முன் ஏ1சி கேட்கிறார்கள். பழைய மெஷின் பெரியது, சூடாகி வேலைக்குத் தயாராகவே ஒரு மணி நேரம் எடுக்கும். புதியது மேஜை மேல் வைக்கிற அளவு, போட்டதும் ஓடும். அதனால் ஆட்கள் குறைவாக இருக்கும் சனிக்கிழமைகளில் புதியது மட்டும்தான் ஓடும். எனக்குச் சனிக்கிழமை டியூட்டி கிடையாது, மகளின் தமிழ்ப் பள்ளி நாளிலிருந்தே அப்படிப் பழகிவிட்டது.

மெஷினைச் சரிபார்க்க தினமும் காலையில் கன்ட்ரோல் என்று ஒரு திரவம் போடுவோம், அதற்குப் புது மெஷின் தந்த எண்கள் அழகாக ஒரே கோட்டில் வந்தன. அந்தக் கோட்டை வரைந்தது நாங்கள், அதே மெஷின் முதல் மாதம் காட்டிய எண்களை வைத்து. அது முதல் நாளிலிருந்தே குறைத்துச் சொன்னது. தினமும் ஒரே அளவு குறைத்துச் சொன்னதால் யோக்கியன் என்று நம்பிவிட்டோம். இப்படிப்பட்ட தவறை உள்ளே இருப்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் குப்பிதான் பிடித்துக் கொடுக்கும். பி.டி. என்ற ஏற்பாடே அதற்குத்தான்.

பிடித்தும் கொடுத்தது. அந்த வருஷம் வசந்த காலத்துப் பெட்டி வந்தபோது, விதிப்படி அது புது மெஷினின் முறை. நான்தான் ஐந்து குப்பிகளையும் அதில் போட்டேன். பிறகு வழக்கம்போல இன்னொரு தடவை, இந்த முறை பழைய மெஷினில். மூன்றாவது குப்பி புதியதில் ஏழு புள்ளி ஒன்று. பழையதில் எட்டு புள்ளி நாலு. மற்ற நாலும் அதே கதை.

தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பழசு எப்பவும் நூறுதானே எடுக்குது?"

"ஆமாக்கா. புதுசுதான் கம்மியா காட்டுதுன்னு நினைக்கறேன்."

"அப்ப பழசோட நம்பரையே அனுப்பிடு. உன் கைக்கு ராசி இருக்கு, அந்த மெஷினுக்குத்தான் இல்ல. சர்வீஸ் ஆள வரச் சொல்லிடறேன்."

"பேஷன்ட் ரிப்போர்ட்லாம் புதுசுல போயிட்டிருக்கேக்கா."

"வருவான்மா, ரெண்டு நாள்ல வந்துடுவான். ஒரு தடவ ஃபெயில்னு ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷன், லெட்டர், விளக்கம். டாக்டருங்க என் தலையத்தான் உருட்டுவாங்க."

நான் பழைய மெஷினின் எண்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். கையெழுத்துப் போட்டேன். புது மெஷினின் தாளை அக்கா கிழித்துக் குப்பையில் போட்டார். ரெண்டு நாளில் வருவதாக இருந்த சர்வீஸ் ஆள் ரெண்டு வாரம் கழித்து வந்தார், ஒரு குழாயை மாற்றினார், அவர் கொண்டுவந்த கன்ட்ரோலைப் போட்டுப் பார்த்தார், சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரே ரத்தத்தை இரண்டு மெஷினிலும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாலு குழாய், அரை மணி நேர வேலை. அக்கா செய்யச் சொல்லவில்லை. நான் செய்யவில்லை. நூற்றுக்கு நூறு வந்தது, கேசரி வந்தது. அதன் பிறகு வந்த பெட்டிகளையெல்லாம் அக்கா பழைய மெஷினிலேயே போடச் சொல்லிவிட்டார்.

என் கணவருக்கு அப்போது சர்க்கரை வந்து பதினோரு வருஷம். ஹூஸ்டனில் ஒரு கெமிக்கல் பிளான்டில் இன்ஜினீயர். அவருக்கு கார் ஓட்டுவதில் தீராத ஆசை. 288 ஹைவேயில் மற்றவர்கள் திட்டிக்கொண்டே போகிற நெரிசலில் இவர் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். மகள் ரிச்சர்ட்சனில் காலேஜில் சேர்ந்த பிறகு, நாலரை மணி நேரம் ஓட்டிப் போய் அவளுக்குச் சாம்பார் பொடி கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பி வருகிற ஆள். நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பார்.

வார நாளில் அவருக்கு நேரம் கிடையாது. சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு எங்கள் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, நேரே பேர்லேண்ட் மீனாட்சி கோயில் கேன்டீனுக்குப் போய் இட்லி சாப்பிடுவார். வேறு லேபுக்குப் போகவே மாட்டார். "என் பொண்டாட்டி லேப், டெக்சாஸ்லயே நம்பர் ஒன்," என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறார்.

பெட்டி வந்துபோன மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை, அவருடைய ஏ1சி ஆறு புள்ளி மூன்று. அதற்கு முந்தையது, புது மெஷின் வருவதற்கு முன் எடுத்தது, ஏழரை. வீட்டில் திருவிழாதான். அவர் அப்போது தினமும் காலையில் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புகழ் முழுவதும் வெந்தயத்துக்குப் போனது. எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் வெந்தயப் பிரசங்கம். டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். விரலைக் குத்திப் பார்ப்பதை இவர் நிறுத்தினார். வருஷா வருஷம் போகிற கண் பரிசோதனையையும் விட்டார். "ஆறு புள்ளி மூணுக்கு கண் டாக்டர் எதுக்கு?" என்றார். நானும் சிரித்தேன்.

எனக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புது மெஷின் குறைத்துச் சொன்னது எனக்குத் தெரியும். சனிக்கிழமை புது மெஷின்தான் ஓடும் என்பதும் தெரியும். இவர் சனிக்கிழமை ரத்தம் கொடுப்பவர் என்பது ஊருக்கே தெரியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க பெரிய படிப்பு வேண்டாம். அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த எண்ணை யாரும் இரண்டாவது தடவை போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டு வருஷம் போனது. ஆறு நாலு, ஆறு இரண்டு, ஆறு ஐந்து என்று சனிக்கிழமைகள் வந்தன. பிறகு ஒரு வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து திரும்பியவர், காரை கராஜில் விடாமல் வாசலிலேயே கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"கண்ணுக்குள்ள கறுப்பா நூல் நூலா ஓடுது. வலது கண்ணு. வழியெல்லாம் ஒரு கண்ணாலதான் பாத்து ஓட்டிட்டு வந்தேன்."

உள்ளே ரத்தக் கசிவு. மறுநாள் ஹூஸ்டனில் கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் சர்க்கரை வேலை செய்திருக்கிறது, வலது கண்ணில் மிக மோசம் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஏ1சி எட்டு புள்ளி ஒன்று.

அந்தத் தாளையும், போன மாதம் எங்கள் லேபிலிருந்து வந்த தாளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதத்தில் ஆறரையிலிருந்து எட்டு ஒன்றுக்கு ஏறவே ஏறாது. எண்ணைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது குப்பி நினைவுக்கு வந்தது. இரண்டு தாளையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அன்று மாலையே மகள் ரிச்சர்ட்சனிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு தாளையும் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான். "யூ வொர்க் இன் எ லேப், அம்மா. ஹவ் டிட் யூ மிஸ் திஸ்?" என்றாள்.

சோபாவில் கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "அவ என்னடா பண்ணுவா? ரிப்போர்ட்ல நார்மல்னுதானே வந்துச்சு."

அவர் திட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். என் பக்கம் பேசினார், நான் எழுந்து அவர் தலையணையைச் சரிசெய்தேன்.

திங்கட்கிழமை அக்காவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரே ரத்தத்தை இரண்டு மெஷினிலும் போட்டுக் காட்டினேன். வித்தியாசம் அப்படியே இருந்தது. அக்கா அழுதார், உண்மையாகவே அழுதார். அன்றைக்கே புது மெஷினை நிறுத்திவிட்டார். ஆனால் இரண்டு வருஷமாக அந்த மெஷினில் போன ரிப்போர்ட்டுகளைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்றபோது முகம் மாறிவிட்டது.

"எத்தன பேரும்மா? எப்படிச் சொல்றது? ஏன் பி.டி.ல தெரியலன்னு கேட்டா என்ன சொல்லுவ? கையெழுத்து உன்னோடது, ஞாபகம் வச்சுக்கோ."

மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். நான் அந்த மாதமே வேலையை விட்டேன். வீட்டில் கணவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னேன். பிரிவு விருந்தில் என் ஒன்பது வருஷத்து மார்க்கையெல்லாம் ஒரு ஃபிரேமில் போட்டுக் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக, பரீட்சை விற்கும் இந்த வேலையில் சேர்ந்தேன். இன்டர்வியூவில் 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன' என்று கேட்டார்கள். கவனம் என்று சொன்னேன்.

அவருக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுகிற ஊசி. இனி கார் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேர்லேண்டில் கார் ஓட்ட முடியாதவன் வீட்டை விட்டுப் பால் வாங்கக்கூடப் போக முடியாது. பிளான்ட் வேலையை விட்டார். ஹாலில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, தெருவில் போகும் கார்களின் சத்தத்தை வைத்து இது என்ன வண்டி என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒன்றரை வருஷம் அவரிடம் சொல்லாமல் இருந்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். திரும்பி வரும்போது கண் எரிகிறது என்பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். போன ஆகஸ்டில் ஒரு ஊசிக்குப் போயிருந்தோம். ரத்தம் எடுத்த நர்ஸிடம் இவர் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி லேப்களுக்கே பரீட்சை வைக்கிறவள், அவள் கையால் நடந்த லேபில் ஒரு தப்பு வந்தது கிடையாது என்று ஆங்கிலத்தில் பெருமை அடித்துக்கொண்டார். நர்ஸ் என்னைப் பார்த்து 'வாவ்' என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. பார்க்கிங்கில் காரில் ஏற்றி, பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஏசியை மட்டும் போட்டேன். வண்டியை எடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு ஆறு புள்ளி மூணுன்னு வந்துச்சே, அது தப்பு. எங்க மெஷின் தப்பு."

"ஓ," என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. "இப்பதான் தெரிஞ்சுதா?"

"இல்ல. அப்பவே தெரியும். உங்க ரிப்போர்ட் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி பி.டி. போட்டப்பவே புது மெஷின் கம்மியா காட்டிச்சு. பழைய மெஷின் நம்பர அனுப்பிட்டோம். நான்தான் அனுப்பினேன்."

பிளான்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

"எவ்ளோ வித்தியாசம்?"

"ஒண்ணே கால். சில சமயம் அதுக்கும் மேல."

"ரெண்டுலயும் ஒரே சாம்பிளா?"

"ஆமாங்க."

"எங்க பிளான்ட்ல ரெண்டு கேஜ் ரெண்டு விதமா காட்டினா யூனிட்ட நிறுத்திடுவோம். எது சரின்னு தெரியற வரைக்கும் ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."

"தெரியும்."

"உனக்கு எது சரின்னும் தெரிஞ்சிருக்கு."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால் அவர் சமாதானம் சொல்லிவிடுவார் என்று பயந்து அழாமல் இருந்தேன்.

"சனிக்கிழம அங்க எத்தன பேரு வருவாங்க?" என்று கேட்டார்.

"முப்பது, நாப்பது."

"அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"இல்ல."

"அப்ப மொதல்ல அத பண்ணு," என்றார். "வண்டிய எடு, கண்ணு எரியுது."

வீட்டுக்கு வந்து மாநில சுகாதார அதிகாரிகளுக்கு எழுதினேன். என் பெயர், என் கையெழுத்து, மூன்றாவது குப்பியின் இரண்டு எண்கள், எல்லாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது யாரும் வாயில் எடுக்க முடியாத பழமொழி. அதிகாரிகள் வந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் சனிக்கிழமை ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கடிதங்கள் போயின. அக்காவின் வேலை போனது. அதற்குப் பிறகு கோயிலில் ஒரு முறை எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். என்மேல் நடவடிக்கை உண்டா என்று இன்னும் தெரியவில்லை. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. நான் பச்சைப் படத்துக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

இவர் என்னைத் திட்டவே இல்லை. மகளிடம் சொல்ல வேண்டாம் என்றார், அவ்வளவுதான். சாப்பாடு, டிவி, ஊசி நாள், எல்லாம் முன்பு போலத்தான். சண்டை போட்டாலாவது ஒரு நாள் முடியும்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அவருடைய ரத்த ரிப்போர்ட் வந்தால் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். என் பக்கம் தூக்கிப் போட்டு, "நீயே பாத்து சொல்லு," என்பார். இப்போது அந்த ஆஸ்பத்திரி அனுப்பும் தாளை அவரே பிரிக்கிறார். சாப்பாட்டு மேஜையில் விரித்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை மீதமுள்ள கண்ணுக்குப் பிடித்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துகிறார். முதல் தடவை, "படிச்சு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

ஏ1சி வரி இரண்டாம் பக்கத்தில் கீழே இருக்கும். அங்கே வந்து சேர அவருக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. லேபில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிக்கத் தெரியும். அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டியதுமே எனக்கு எண் தெரிந்துவிடுகிறது. அவர் கண்டுபிடித்துச் சொல்கிறவரை நான் வாயைத் திறக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.